ரன்வே தானியேல்

காலை ஐந்தே முக்கால் மணிக்கு ஒரு மனிதர் விமான ஓடுபாதையின் நடுவில் குப்புறப் படுத்துக் கிடந்தார். வலது கன்னம் தாரில் ஒட்டியிருந்தது. கைகள் இரண்டும் விலாவோடு நீண்டிருந்தன. உத்திரமேரூர்ப் பக்கத்து விமானப் பயிற்சிப் பள்ளியில் பதிவேடு எழுதும் வேலையில் எனக்கு அது முதல் நாள். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்கிற மிதப்பில், ஆறு மணி வேலைக்கு முன்னதாகவே போய்விட்டிருந்தேன். ஆள் செத்துக் கிடக்கிறார் என்றே நினைத்தேன். சாப்பாட்டுப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். பத்தடி தூரத்தில் பிணம் வாய் திறந்தது.

"நெயலு வுயுது நைனா. அப்பால போ."

என் நிழல் அவர் பார்வைக்குக் குறுக்கே விழுந்திருந்தது. சூரியன் அப்போதுதான் பனைகளுக்கு நடுவே கிளம்பியிருந்தது. கண்ணைத் தார் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால் புளியங்கொட்டை அளவுக் கல்கூட விரல் நீளத்துக்கு நிழல் போடும். நின்றுகொண்டு பார்ப்பவனுக்கு அது தெரியாது. அவர் எழுந்து போய் அப்படித் தெரிந்த ஒரு கல்லைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஐம்பது அடி நடந்தார், மறுபடி படுத்தார். ஆயிரத்து இருநூறு மீட்டரையும் இப்படி விழுந்து எழுந்து முடிக்க அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு நான் உட்காரும் அறைக்கு வந்து, பதிவேட்டில் 'ரன்வே க்ளியர்' என்ற இடத்துக்கு நேரே தானியேல் என்று தன் பெயரை எழுதுவார். 'தா'வுக்கும் 'னி'க்கும் நடுவே மூச்சு வாங்குவதுபோல ஒரு இடைவெளி இருக்கும்.

இப்படிப் படுத்துப் பார்க்கச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பள்ளி கொடுத்தது ஒரு துடைப்பம், ஒரு கழி, ஒரு விசில், ஒரு வாக்கிடாக்கி. நாய், மாடு, மயில், மனிதர் எதுவும் ஓடுபாதைக்கு வரக்கூடாது என்பது உத்தரவு. கன்னத்தைத் தாரில் வைப்பது அவராகக் கண்டுபிடித்தது. அதனால் அவருடைய வலது கன்னத்தில் எந்நேரமும் புள்ளி புள்ளியாக அச்சு விழுந்திருக்கும். ஐம்பத்து நான்கு வயது. ஒப்பந்தக்காரர் கொடுத்த காக்கிச் சட்டைக்குள் இன்னொரு தானியேல் நுழையலாம். காவாந்தண்டலம் காலனியில் பிறந்து, சுற்று வயல்களில் கூலிக்கு உழுதும் வரப்பு வெட்டியும் இருந்தவர், பள்ளி வந்தபோது இந்த வேலைக்கு வந்தார். ஊரில் இப்போது அவருக்கு 'ரன்வே தானியேல்' என்று பெயர்.

அவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது எங்காவது ஒரு எஞ்சின் முழு வேகத்துக்கு ஏறினால் பேச்சு அறுந்துவிடும். வாயில் சோறு இருந்தால் மெல்லாமல் அப்படியே நிற்கும். எழுந்து விமானத்தைப் பார்த்து நின்று, வலது கால் முன்பாதத்தைத் தரையில் ஊன்றி அழுத்துவார். உதடு மட்டும் 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்று அசையும். சக்கரம் தரையை விட்டு, இறக்கை இரண்டும் ஒரு மட்டத்துக்கு வந்து, விமானம் பனை உயரம் தாண்டிய பிறகே மூச்சு வெளியே வரும். ஒரு நாளைக்கு இருபது, முப்பது தடவை. அவர் மனைவி மலர்க்கொடி சொல்வார்: "வலது செருப்பு மட்டும் தேயுது தம்பி. வூட்ல எடது செருப்பா ஒரு மூட்ட கீது. எந்த நொண்டிக்குக் குடுக்குறதுன்னு தெரில."

விமானம் இறங்கும்போது மட்டும் அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"எறங்குறது வூட்டுக்கு வர்ற மாதிரி தம்பி. எப்டியோ வந்து சேந்துடும். கெளம்புறதுதான் பேஜாரு. முயு ஸ்பீடு குடுக்கிறான் பாரு, அப்போ மூக்கு லெப்ட்ல இஸ்துக்கினு போவும். வலது கால வெச்சு அமுக்கிப் புடிக்கணும். புதுப் புள்ளைங்க இன்னா பண்ணுது? கையில கீற ஸ்டேரிங்க திருப்புது. தரையில ஓடச்சொல்ல அத்த திருப்பினா இன்னா ஆவும்? காரா அது?"

முன்னால் சுழலும் காற்றாடி ஒரே பக்கமாகச் சுற்றுவதால், முழு விசை கொடுக்கும்போது அந்தச் சின்ன விமானங்களின் மூக்கு இடப்பக்கம் வாங்கும். இயற்பியலில் பட்டம் வாங்கிய நான் அதற்கான காரணங்களைத் தாளில் படம் போட்டு அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரீட்டுதான். ஆனா அதுக்கெல்லாம் நேரம் கெடையாது தம்பி. ஏயு செகண்டு" என்றார்.

அந்த ஏழு விநாடியை அவர் பார்த்திருக்கிறார். பள்ளி தொடங்கிய வருடம், வடக்கேயிருந்து படிக்க வந்த ஒரு பையன். மூக்கு இடப்பக்கம் போனது, பதறி வலது காலை மிதித்தான், விமானம் வலப்பக்கம் பாய்ந்தது, மறுபடி இடது, பாம்புபோல நெளிந்து ஓடி, ஏரிக்கால்வாயில் தலைகீழாக விழுந்தது. தானியேல்தான் அவனைச் சேற்றிலிருந்து இழுத்துப் போட்டவர். பையன் பிழைத்துக்கொண்டான், நடை மட்டும் சரியாக வரவில்லை. "அவங்கொப்பன் ரயிலேறி வந்து என் கையப் புடிச்சிக்கினு அவுங்க பாஷையில இன்னாவோ சொன்னாரு. எனக்குப் புரில. நானும் தமிள்ல இன்னாவோ சொன்னேன்" என்பார்.

மாணவர்களில் அவரிடம் வாயாடுகிறவள் இளமதி. ஐயங்கார்குளத்து பஸ் கண்டக்டர் ஒருவரின் மகள், இருபது வயது. கிளம்புவதற்கு முன் ஓடுபாதை ஓரமாக வந்து, "அங்கிள், நான் போறேன், கண்ண மூடிக்குங்க" என்பாள். "நீ மொதல்ல கால வெய்யி. அப்பால நான் கண்ண மூடுறதா தொறக்கிறதான்னு பாக்கலாம்" என்பார் இவர். அவளுக்கு வலது கால் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். பள்ளியின் தலைமைப் பயிற்சியாளரான கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை அது பெரிதாகத் தெரியவில்லை. போன தை மாதம் அவளைத் தனியாக ஏறச் சொன்னார்கள்.

ஓடுபாதை யுத்த காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்டது. பள்ளிக்குத் தேவையானதைவிட அகலம் அதிகம். நடுவில் மட்டும் புதுத் தார் போட்டு, வெள்ளைக்கோடு இழுத்து, இரண்டு ஓரத்திலும் பழைய தாரை அப்படியே விட்டிருந்தார்கள். விரிசலில் புல் முளைத்திருந்தாலும் அது மட்டமான தரை, வெயில் பட்டால் கொதிக்கும். எழுபது வருடமாகச் சுற்று ஊர்கள் நெல்லும் வேர்க்கடலையும் காயவைத்தது அங்கேதான். கம்பிவேலி போட்ட பிறகும் அறுப்புக் காலத்தில் ஊர் வேலிக்கு வெளியே நின்று அந்தத் தாரையே பார்த்துக்கொண்டிருக்கும். தானியேல் யாரையும் விட்டதில்லை, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தவிர.

வந்தவர் சொக்கம்மாள். வடக்கு வேலியை ஒட்டி நாலரை ஏக்கர் வைத்திருப்பவர். தானியேலும் மலர்க்கொடியும் இருபது வருடம் கூலி வாங்கிய நிலம் அது.

"டேய் தானியேலு, கேட்டத் தொறடா. நெல்லு ஈரமா கீது."

"இல்லம்மா. கேப்டன் பாத்தா வேல பூடும்."

"ஞாயித்துக்கெயம உங்க கேப்டன் எங்கடா வரான்? இன்னிக்கு ஏரோப்ளேனு லீவுதான? எங்க மாமனாரு காலத்துலருந்து காய வெச்ச எடம். நேத்து வந்தவனுக்கு நீ வேலி காக்கிறியா?"

"பொய்து சாயறதுக்குள்ள எல்லாத்தியும் வாரிடணும்மா."

"வாராம இங்கியே பொங்கி வெச்சு துன்னப் போறனா? தொறடா."

திறந்தார். வடக்கு ஓரப் பழைய தாரில் நெல் விரிந்தது. நெல் காயும்போது அதன் மேல் வண்டி ஏறிவிடாமல் விளிம்பில் வரிசையாகக் கல் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாலையில் காயவைத்தாலும் வைப்போம், வண்டியே வராத இடத்தில் காயவைத்தாலும் கை தானாக வைத்துவிடும். சொக்கம்மாளின் ஆட்கள் வெள்ளைக்கோட்டை ஒட்டித் தேங்காய் அளவுக் கற்களை அடுக்கினார்கள். நாலு மணிக்கு வடகிழக்கே மேகம் கறுத்தது. "மய வருது, வாரு வாரு" என்று ஆளுக்கொரு பக்கம் ஓடி, தானியேலும் சேர்ந்து வாரி, மூட்டை கட்டி டிராக்டரில் ஏற்றிவிட்டார்கள். அன்று மழை வரவில்லை. நெல் போய்விட்டது, கல் அங்கேயே இருந்தது.

திங்கட்கிழமை காலை ஒரே மூடுபனி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வெயில் இல்லாததால் நிழலும் இல்லை. தானியேல் நடுத்தாரை நடந்து பார்த்து, பெருக்கிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். ஓரத்துத் தார் அவருடைய சோதனையில் சேர்த்தியில்லை. எட்டு மணிக்குப் பனி மெலிந்தது. எட்டு பன்னிரண்டுக்கு இளமதியின் விமானம் ஓடுபாதையின் மேற்கு முனையில் வந்து நின்றது. தனியாக அவளுக்கு அது இரண்டாவது தடவை. நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நேரத்தை எழுதினேன்.

எஞ்சின் உச்சத்துக்கு ஏறியது. விமானம் நகர்ந்து வேகம் பிடித்தது. மூக்கு இடப்பக்கம் சாய ஆரம்பித்தபோது நான் எழுந்துவிட்டேன். வடக்கு ஓரத்தில், பாதி தூரத்தில், தானியேல் வழக்கம்போல நின்றிருந்தார். விமானம் அவர் நிற்கும் ஓரத்தை நோக்கியே வந்தது. இடது சக்கரம் வெள்ளைக்கோட்டைத் தாண்டியது. அந்தக் கணத்தில்தான் கல் ஞாபகம் வந்தது என்று பிறகு சொன்னார். "வாக்கிடாக்கி கையில கீது தம்பி. பட்டன அமுக்கணும்னு தோணல. வாயத் தொறந்து கத்துனேன். எனக்கே கேக்கல."

அந்த நேரத்தில் விசையைக் குறைத்திருந்தால் விமானம் பழைய தாரில் குலுங்கிக் குலுங்கி ஓடி நின்றிருக்கும். அவள் குறைக்கத்தான் போனாள். எதிரே கற்களின் வரிசை தெரிந்தது. குறைக்கப் போன கையால் விசையைத் திரும்ப முழுதாகத் தள்ளி, மூக்கைத் தூக்கினாள். பறக்கப் போதாத வேகத்தில் விமானம் எழும்பியது. வேகம் போதாது என்று எச்சரிக்கும் ஊதல் அறை வரைக்கும் கேட்டது. மூக்கடைத்த குழந்தை சிணுங்குவதுபோல இருக்கும் அந்தச் சத்தம். இடது இறக்கை தொய்ந்தது. சக்கரம் கற்களுக்கு மேலே முழ உயரத்தில் போனது. அப்புறம் இறக்கை நுனி மண்ணில் குத்தி, விமானம் ஒரு சுற்றுச் சுற்றி, முன்கால் ஒடிந்து, காற்றாடி புழுதியைத் தோண்டி, வேலிக்கு ஐந்தடி முன்னால் நின்றது.

முதலில் போய்ச் சேர்ந்தவர் தானியேல். பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. இருக்கை வாரில் தொங்கிக் கிடந்தவளை அவிழ்த்து, தோளில் போட்டுக்கொண்டு தூரமாக ஓடிவந்து கிடத்தினார். அவள் கண் திறந்து சொன்ன முதல் வார்த்தை "கல்லு." நாங்கள் ஜீப்பில் போய்ச் சேர்வதற்கு முன்பே அதை அவர் கேட்டுவிட்டார். எங்கள் ஜீப் அந்தக் கல் வரிசையைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். நான் விமானத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை, மற்றவர்களும் பார்க்கவில்லை. அவளைத் தூக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். "தானியேல், யாரையும் கிட்ட விடாத" என்று கேப்டன் கத்திவிட்டு ஏறினார். முக்கால் மணி நேரம் தானியேலும் உடைந்த விமானமும் கற்களும் மட்டும் அங்கே இருந்தார்கள்.

நான்காம் நாள் இளமதி வந்தாள். கழுத்துப்பட்டை எலும்பில் விரிசல், இடது கையைத் துணிக்கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். என் மேசைக்கு எதிரே உட்கார வைத்து கேப்டன் பேசினார். கெட்டவர் இல்லை, மெதுவாகத்தான் பேசினார்.

"கால் வைக்கல, அவ்வளவுதான்மா. எல்லாருக்கும் நடக்கிறதுதான். அத அப்படியே சொல்லு, பயிற்சி கொடுத்துத் திரும்ப ஏத்துவாங்க. இல்லாத கல்லை இருந்துச்சுன்னு சொன்னா பொய் சொல்றேன்னு எழுதிடுவாங்க. அப்புறம் எந்த ஸ்கூல்லயும் உன்னை ஏத்த மாட்டாங்க."

"கால் லேட்டாதான் சார் வெச்சேன். அதையும் சொல்றேன். ஆனா கல்லு இருந்துச்சு சார்."

கேப்டன் பதிவேட்டைத் திருப்பி அந்த நாள் கையெழுத்தைக் காட்டினார். வாசலில் நின்ற தானியேலைக் கூப்பிட்டார். "நீங்க சொல்லுங்க. ஓரத்துல கல் ஏதாவது இருந்துச்சா?"

"இல்ல சார்."

இளமதி அவரைப் பார்த்தாள். அவர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் வேலைக்கு வரவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் காலனிக்குப் போனேன். மலர்க்கொடி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஜொரம் நெருப்பா கீது. படுத்துக்கினே கால வெச்சு செவுத்தத் தள்ளுறாரு. நீயாச்சும் இன்னான்னு கேளு." உள்ளே போனதும் தானியேல் எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, கேட், மேகம், கல். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன நேரத்தில் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வேலிகாத்தான் புதருக்குள் வீசியது. அவள் ரத்தம் அப்போது அவர் சட்டையில் காயக்கூட இல்லை.

"படிச்சவன்தான நீ. சொல்லு தம்பி. சொன்னா ஜெயில்ல போடுவாங்களா?"

"தெரியலண்ணா. வேலை கண்டிப்பா போயிடும்."

"அந்தப் பொண்ணு?"

மலர்க்கொடி சொம்பில் தண்ணீரோடு நிலைப்படியில் நின்றிருந்தார். "சொக்கம்மா பேர இஸ்துடாத. அந்த வூட்ட வுட்டா இந்தப் பக்கத்துல நமக்கு ஏது கூலி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சென்னையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்த அன்று தானியேல் காக்கிச் சட்டை போடவில்லை. கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில், காய்ச்சல் முகத்தோடு வந்தார். அதிகாரிகளும் கேப்டனும் இளமதியும் ஓடுபாதை ஓரத்தில் நின்று டயர்த் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தானியேல் நேராகப் புதருக்குப் போனார். முள்ளுக்குள் கை விட்டு ஒரு கல்லை எடுத்துக்கொண்டு வந்து வெள்ளைக்கோட்டை ஒட்டி வைத்தார். திரும்பப் போய் இன்னொன்று கொண்டுவந்தார். கேப்டன், "என்னய்யா இது?" என்றார். நான்காவது கல்லை வைத்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, அரை அடி தள்ளி வைத்தார். கை முழுக்க முள் கீறி ரத்தக்கோடு. பதினோரு கற்களையும் வைத்து முடித்து, வரிசையின் முடிவில் நின்றார்.

மூத்த அதிகாரி கேட்டார்: "நீங்கதான் எடுத்தீங்களா?"

"ஆமா சார்."

"ஏன்?"

"பயம் சார்."

"இப்ப ஏன் சொல்றீங்க?"

தானியேல் இளமதி இருந்த பக்கம் பார்க்காமலே, "இப்பவும் பயந்தான் சார்" என்றார்.

நெல் காயும்போது வைத்த கல் என்று அவர் சொன்னதும், காயவைத்தது யார் என்று மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் ஒரே பதில்: "கேட்டத் தொறந்தது நானு சார்." நன்றி உணர்ச்சியா, கூலி போய்விடும் என்ற கவலையா, எனக்குத் தெரியாது. இதை எழுதப் போகிறேன் என்று போய்ச் சொன்னபோது சொக்கம்மாள், "என் பேரையே போடு. எவன் வந்து கேக்கிறான்னு பாக்கிறேன்" என்றார்.

கால் வைத்தது தாமதம், ஓரத்தில் தடை இருந்தது, இரண்டும் அறிக்கையில் ஏறின. ஒப்பந்தக்காரர் தானியேலை அன்று மாலையே நிறுத்தினார். இளமதிக்கு மறுபயிற்சி கொடுத்தார்கள். ஆனி மாதம் மறுபடி தனியாக ஏறினாள். ஏறுவதற்கு முன் வடக்கு ஓரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அங்கே புது ஆள் ஒருவர் உட்கார்ந்து போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தானியேல் இப்போது சொக்கம்மாளின் நிலத்தில் தினக்கூலிக்குப் போகிறார். இந்தத் தையில் நெல்லைக் களத்துமேட்டில் தார்ப்பாய் விரித்துக் காயவைத்தார்கள். நான் போயிருந்தபோது நல்ல காற்று. தார்ப்பாயின் ஒரு மூலை தூக்கித் தூக்கி அடித்து நெல்லை வாரி இறைத்தது. "டேய், ஒரு கல்லத் தூக்கி வையேன்டா, நெல்லெல்லாம் போவுது" என்று சொக்கம்மாள் வரப்பிலிருந்து கத்தினார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு எஞ்சின் முழு வேகத்துக்கு ஏறியது. காலடியில் கிடந்த கல்லைத் தாண்டிப் போய், தானியேல் அந்த மூலையில் தானே உட்கார்ந்துகொண்டார்.